விசை இழுக்கேக்க ரைபிள் ஆடுது, தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ

வணக்கம் உறவுகளே. என்ர தங்கச்சி யாழ்ப்பாணத்தில 10 மீற்றர் எயார் ரைபிள் பழகுறாள். சன்னப் பெட்டியை மற்ற அறையில வைச்சு, குழல் வெறுமை எண்டு ரெண்டு பேர் பார்த்த பிறகுதான் வெறும் விசை இழுக்கிறது. அதில விட்டுக்குடுப்பே இல்லை.

பிரச்சினை விசை விடுபடுற கணத்திலதான். மற்ற விரலுகளும் சேர்ந்து இறுக, முன்குறி இடப்பக்கம் துள்ளுது. இலக்குத் தாளில பத்துப் புள்ளி குடுக்கிற நடுப்பொட்டு வெறும் 0.5 மில்லிமீற்றர், தவறிப்போக அந்தத் துள்ளலே காணும்.

பாவிக்கிறது காற்றடைச்ச ரைபிள், சன்னமில்லாமல் பழக அதில அமைப்பு இருக்கு. (ஸ்பிரிங் ரைபிளெண்டால் பிஸ்டன் மோதிப் பழுதாகும், அதைத் தொடவிடுறேல்லை.)

பிடியில என்ன மாத்தலாம்? வடக்கில பழக்கின ஆக்கள் ஆரும் நேரில பார்த்துச் சொல்ல ஏலுமோ? எந்த ஊரெண்டாலும் கூட்டிக்கொண்டு வருவன்.