தமிழில் இணையச் சித்திரக்கதைப் பக்கம்: வசனத்தை எப்போது வைப்பது?

உப்புவெளிக் கிறுக்கன்:

அனைவருக்கும் வணக்கம். திருகோணமலை மாவட்டத்தின் கிண்ணியாப் பாலம் 2009 ஆம் ஆண்டு திறக்கப்படுவதற்கு முன், அவ்விடத்தில் மக்கள் பாதையில் ஏறித்தான் அக்கரை சேர்ந்தார்கள். (பாதை என்று இங்கே நாங்கள் சொல்வது ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிச் செல்லும் மிதவையை. வெளியூர் வாசகர்கள் தெரு என்று எண்ணிவிட வேண்டாம்.) அந்தப் பயணத்தைப் பற்றி என் அம்மப்பா சொன்ன கதையொன்றை இணையத்தில் வெளியிடும் சித்திரக்கதையாக வரைய ஆரம்பித்திருக்கிறேன். டெப்பில் ஏ4 அளவில், 2480 × 3508 பிக்சலில், பதினொரு கட்டங்களைக் கொண்ட முதற்பக்கத்தை மூன்று கிழமைகள் செலவழித்து வரைந்து, நிறமும் தீட்டி முடித்த பின்னரே வசனங்களை எழுதி ஒட்டினேன். வட்ஸ்அப்பில் அதைப் பார்த்த என் மச்சான், "படம் நல்ல வடிவு, ஆனா ஆர் என்ன கதைக்கினம் எண்டுதான் விளங்கேல்ல" என்று பதில் அனுப்பினார். வசனத்தைப் பெரிதாக்கினால் ஆட்களின் முகங்கள் மறைகின்றன. சிறிதாக்கினால் வாசிக்க முடியவில்லை.

இதைவிட இன்னொரு தொல்லையும் உண்டு. நான் பயன்படுத்தும் மென்பொருளில் "கொக்கு" என்று எழுதினால் ஒற்றைக்கொம்பு தன் இடத்தை விட்டு விலகி, புள்ளிகளாலான வட்டமொன்றுடன் தனியே நிற்கிறது. வசனத்தை எப்போது வைக்க வேண்டும், கன்வஸை எந்த அளவில் திறக்க வேண்டும், எழுத்து உடைவதை எவ்வாறு சரிசெய்வது என்பவற்றை அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன். பின்னொரு காலத்தில் இதைச் சிறு நூலாக அச்சிடும் ஆசையும் இருக்கிறது.

கோட்டையடி மான்:

தம்பி, படத்தை முடித்துவிட்டு வசனத்தை ஒட்டியதுதான் உங்கள் சிக்கலின் வேர். கல்யாணத்துக்கு ஆட்களை அழைத்த பிறகு பந்தலின் அளவைத் தீர்மானித்தது போல ஆகிவிட்டது. வசனமும் படத்தின் ஓர் உறுப்பு என்பதால், பென்சில் கோடு விழுவதற்கு முன்பே அது கன்வஸில் இருக்க வேண்டும்.

முதலில் அளவைக் கவனியுங்கள். ஏ4 தாளின் அகலம் 21 சென்ரிமீற்றர். கைத்தொலைபேசித் திரையின் அகலமோ ஏறக்குறைய 7 சென்ரிமீற்றர்தான். ஆகவே உங்கள் பக்கம் மூன்றிலொரு பங்காகச் சுருங்கித்தான் வாசகரைச் சேர்கிறது. நீங்கள் 9 புள்ளி (பொயின்ற் என்ற எழுத்தளவு) அளவில் எழுதியிருந்தால், வசனம் அங்கே 3 புள்ளியாகிவிடும். மருந்துக் குப்பியின் லேபிளில் இருக்கும் எழுத்துக்கூட அதைவிடப் பெரிதாகவே இருக்கும். திரையில் எழுத்து 8 புள்ளியளவிலாவது தெரிய வேண்டுமானால், 800 பிக்சல் அகலமுள்ள படத்தில் அதன் உயரம் 32 பிக்சலுக்குக் குறையக் கூடாது. 1600 பிக்சல் அகலத்தில் வேலை செய்தால் 64 பிக்சல். ஆங்கிலச் சித்திரக்கதைகளைப் பார்த்து இந்த அளவைக் குறைத்துக்கொள்ள வேண்டாம். அவர்கள் பெரும்பாலும் கப்பிற்றல் எழுத்துகளால் மட்டுமே எழுதுவதால் வரியின் உயரம் சீராக இருக்கும். நமக்கோ "நீ" மேலே எழும்பும், "மூ" கீழே இறங்கும், "ண" என்ற எழுத்தின் சுழிகள் சிறிதானால் அடைபட்டுப்போகும்.

அந்த அளவில் எழுதத் தொடங்கியதும் இன்னோர் உண்மையும் தெரியவரும்: பாதித் திரை அகலமுள்ள பலூனில் (பேச்சை எழுதும் வட்டத்தில்) ஒரு வரிக்கு இரண்டு தமிழ்ச் சொற்களுக்கு மேல் அடங்குவது அரிது. "போய்க்கொண்டிருக்கிறேன்" என்ற ஒற்றைச் சொல்லே வரியைத் தாண்டி ஓடும். ஆனால் பாதையில் நிற்கும் மனிதர் அப்படிப் பேசமாட்டார், "போறன்" என்பார். நம் ஊர்ப் பேச்சு பலூனுக்கென்றே அமைந்தது போலச் சுருக்கமானது. ஆகவே உரையாடலைப் பேச்சுத் தமிழிலும், மேலே பெட்டிக்குள் வரும் கதைசொல்லியின் குரலை எழுத்துத் தமிழிலும் அமைத்துப் பாருங்கள். இடமும் மிச்சமாகும், எது யாருடைய குரல் என்பதும் தானாகவே பிரிந்து தெரியும்.

நான் பின்பற்றும் முறையைச் சொல்கிறேன். சாதாரணக் கொப்பியில் தீப்பெட்டி அளவுக்குப் பெட்டி கீறி, அதற்குள் கட்டங்களைப் பிரித்து, ஆட்களைக் குச்சி உருவங்களாகவும் பலூன்களை வெறும் வட்டங்களாகவும் போடுவேன். ஒரு பக்கத்துக்கு இப்படி நான்கு ஐந்து மாதிரிகளாவது கீறிப் பார்த்துவிட்டு, பொருந்தியதைக் கன்வஸில் பெரிதாக்கி, உடனேயே உண்மையான எழுத்துருவில் உண்மையான அளவில் வசனங்களை மேல் லேயரில் (ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கும் படலங்களில் மேலுள்ளதில்) வைத்துவிடுவேன். பிறகு அந்தக் கிறுக்கலை அப்படியே படமாகச் சேமித்து என் தொலைபேசிக்கு அனுப்பி, வெயிலில் நின்று வாசித்துப் பார்ப்பேன். வாசிக்க முடிந்தால்தான் மேற்கொண்டு கோடு போடுவேன். வட்ஸ்அப் படத்தைச் சுருக்கிவிடும் என்பதால், சோதிக்கும்போது படமாக அனுப்பாமல் ஆவணமாக அனுப்புங்கள்.

முதலில் பேசுபவரை இடப்பக்கம் நிறுத்துங்கள். நாம் இடமிருந்து வலமாக வாசிக்கிறோம் என்பதால், வலப்பக்கம் நிற்பவர் முதலில் பேசினால் பலூன்களின் வால்கள் ஒன்றையொன்று குறுக்கறுக்கும். உங்கள் கதையில் இது இன்னும் முக்கியம். பாதை போகும்போது இடமிருந்து வலமாகவும், திரும்பும்போது வலமிருந்து இடமாகவும் செல்வதாக முதலிலேயே தீர்மானித்து, கதை முழுவதும் அதை மாற்றாமல் வைத்திருந்தால், எந்தக் கரை எது என்று வாசகருக்கு ஒவ்வொரு முறையும் எழுதிக் காட்ட வேண்டியதில்லை.

பதினொரு கட்டங்கள் ஒரு பக்கத்துக்கு மிக அதிகம். நான்கு, மிஞ்சினால் ஐந்து.

பழைய பாமினி:

எழுத்து உடைவதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். படம் வரைவது எனக்குத் தெரியாது, அச்சகத்தில் பக்கம் அமைப்பவன் நான்.

"கொ" என்ற எழுத்து யூனிகோட்டில் (கணினிகளின் பொது எழுத்துக் குறிமுறையில்) "க" என்ற எழுத்தும் அதன் பின்னே ஓர் உயிர்க்குறியும் என்றே சேமிக்கப்படுகிறது. அந்தக் குறியை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை முன்னேயும் மறுபாதியைப் பின்னேயும் நிறுத்துவது எழுத்தமைப்பு இயந்திரத்தின் வேலை. அந்த இயந்திரம் இல்லாத மென்பொருளில்தான் நீங்கள் கண்ட புள்ளி வட்டம் தோன்றும். எழுத்துருவை மாற்றிப் பயனில்லை, குற்றம் அதனுடையதன்று. ஃபோட்டோஷாப்பின் பழைய பதிப்பு என்றால், எழுத்து அமைப்புகளில் தெற்காசிய மொழிகளுக்கான தளக்கோலத்தைத் தெரிவுசெய்தவுடன் சரியாகிவிடும். கிரிட்டா என்ற வரையும் மென்பொருளில் 5.2 ஆம் பதிப்போடு எழுத்தமைப்புப் பகுதி புதிதாக எழுதப்பட்டது. பழைய பதிப்பை வைத்திருந்தால் மாற்றுங்கள். இவை இரண்டும் கைகூடாவிட்டால், இலவசமாகக் கிடைக்கும் இங்க்ஸ்கேப்பில் வசனங்களை மட்டும் அமைத்து, பின்னணி இல்லாத பிஎன்ஜி கோப்பாக எடுத்துப் படத்தின் மேல் வையுங்கள். எந்த மென்பொருளையும் நம்புவதற்கு முன் "கொக்கு", "கௌதாரி", "ஸ்ரீ" என்ற மூன்று சொற்களை எழுதிப் பாருங்கள்; மூன்றும் தேறினால் மற்றவை தேறும்.

என் பெயரைப் பார்த்துவிட்டு, பாமினி எழுத்துருவைப் பயன்படுத்தலாமே என்று யாராவது கேட்கக்கூடும். பயன்படுத்தலாம், அதில் ஆங்கில எழுத்துகளின் இடங்களில் தமிழ் வடிவங்கள் உட்கார்ந்திருப்பதால் எந்த மென்பொருளிலும் உடையாது, படமாக மாறிய பின் வாசகருக்கு வேறுபாடும் தெரியாது. எங்கள் அச்சகத்தில் இன்றும் பாதி வேலை அதில்தான் நடக்கிறது. ஆயினும் அதில் எழுதிய வசனத்தை வேறெங்கும் தேடவோ, பிரதியெடுத்து இணையப் பக்கத்தின் விளக்கமாக இடவோ முடியாது. ஆகவே மூலப் பிரதியை யூனிகோட்டிலேயே வைத்திருங்கள்.

எழுத்துருவுக்கு முக்த மலர், பலூ தம்பி, கவிவாணர் (Kavivanar) ஆகியவற்றைப் பாருங்கள். மூன்றும் கூகுள் எழுத்துருத் தொகுப்பில் திறந்த உரிமத்தோடு கிடைப்பதால், பிற்காலத்தில் நூலாக விற்றாலும் பிரச்சினை வராது. கவிவாணர் கையெழுத்தைப் போலச் சாய்ந்திருக்கும். அம்மப்பாவின் குரலுக்கு அது பொருந்தக்கூடும். பலூ தம்பி தடித்தது, சத்தமிட்டுப் பேசுமிடங்களுக்கு ஏற்றது, ஆனால் நீண்ட வசனத்துக்கு ஆகாது. வரிகளுக்கிடையே எழுத்தின் அளவில் 130 முதல் 140 சதவீதம் வரை இடைவெளி விடுங்கள். இல்லாவிட்டால் மேல்வரியின் "கூ" கீழ்வரியின் "கீ" யோடு முட்டிக்கொள்ளும். நீண்ட சொற்களுக்கு வட்டப் பலூனைவிட, மூலை மழுங்கிய நீள்சதுரம் வசதியானது.

நிலாவெளித் தூரிகை:

கோட்டையடி அண்ணா சொன்னவற்றில் ஒன்றை மட்டும் மறுக்கிறேன். நான்கு கட்டப் பக்கம் என்பது தாளுக்குரிய சிந்தனை; தொலைபேசியில் வாசிப்பவருக்குப் பக்கமே இல்லை, கீழே உருண்டோடும் ஒரு சுருள்தான் இருக்கிறது. சுருளில் கட்டங்களுக்கிடையே விடும் வெற்றிடமே நேரத்தைக் காட்டுகிறது. பாதை நடுநீரில் நிற்கும் அமைதியை, ஒரு திரை உயரத்துக்கு வெறும் நீல நிறத்தை விட்டுக் காட்டலாமே. தாளில் அந்த அளவுக்கு இடத்தை யார் வீணாக்குவார்கள்? சுருள் சித்திரக்கதைகளை வெளியிடும் வெப்டூன் தளத்தில் படங்களை 800 பிக்சல் அகலமும் 1280 பிக்சல் உயரமும் உள்ள துண்டுகளாக ஏற்றுவார்கள். துண்டாக வெட்டுமிடம் முகத்தின் மீதோ பலூனின் மீதோ விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சில தொலைபேசிகளில் துண்டுகளுக்கிடையே மெல்லிய கோடொன்று தோன்றுவதை நான் கண்டிருக்கிறேன்.

ஆனால் 800 இல் வரையாதீர்கள். அச்சுக்கு அங்குலத்துக்கு 300 பிக்சல் வேண்டும். 800 பிக்சல் அகலம் தாளில் 7 சென்ரிமீற்றரைக்கூட எட்டாது. 1600 இல் வரைந்தால் ஏறத்தாழ 13.5 சென்ரிமீற்றர் கிடைக்கும், ஓரம் விட்டு அச்சிட்டால் ஏ5 நூலுக்கு அது போதும். அதற்கு மேலே போனால் டெப் திணறும்: 1600 × 10000 பிக்சல் உள்ள ஒரு நிற லேயர் மட்டுமே நினைவகத்தில் 64 மெகாபைற் இடம் பிடிக்கும், இருபது லேயர் சேர்ந்தால் ஒரு ஜிகாபைற்றைத் தாண்டிவிடும். எனவே ஓர் அத்தியாயத்தை மூன்று நான்கு கோப்புகளாகப் பிரித்து வரையுங்கள். பாதி வேலையில் கோப்புத் திறக்காமல் போய் இரண்டு நாள் உழைப்பை இழந்தவள் என்ற முறையில், ஒவ்வொரு மாலையும் வேறு பெயரில் ஒரு பிரதி சேமிக்கும்படியும் சொல்கிறேன்.

நிறத்தைப் பற்றி: கோட்டு லேயருக்குக் கீழே, விளிம்பு மென்மையாக்கலை அணைத்துவிட்டுத் தட்டையான நிறங்களை முதலில் நிரப்புங்கள். விளிம்பு கூர்மையாக இருந்தால்தான், பிற்பாடு சட்டையின் நிறத்தை மட்டும் ஒரே தொடுகையில் தெரிவுசெய்து மாற்ற முடியும். நிழலை அதற்கு மேலே கீழுள்ள நிறத்தை இருட்டாக்கும் பெருக்கல் (Multiply) முறையிலுள்ள தனி லேயரில் இடுங்கள். நம் கடற்கரை மதிய வெளிச்சத்தில் மணலும் நீரும் வானமும் ஏறக்குறைய ஒரே வெளிர்மையில் இருக்கும். அப்படியே தீட்டினால் தொலைபேசியில் எல்லாம் ஒன்றாகக் கலந்துவிடும். படத்தைச் சாம்பல் நிறத்துக்கு மாற்றிப் பாருங்கள். மிதவையும் நீரும் பிரிந்து தெரியாவிட்டால் நிறத்தை அல்ல, இருள் வெளிச்சத்தைத் திருத்த வேண்டும். கதையைக் காலை ஆறரை மணிக்கு நகர்த்த முடியுமானால் உங்கள் வேலை பாதியாகிவிடும்.

கோட்டையடி மான்:

தங்கச்சி, சுருளில் வெற்றிடம் நேரமாகும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தம்பி நூலாகவும் அச்சிட விரும்புகிறார். சுருளாக மட்டும் சிந்தித்து வரைந்ததைப் பின்னர் பக்கங்களாக்க முயன்று, கட்டங்களை அறுத்து ஒட்டிச் சலித்துப்போன அனுபவம் எனக்கு உண்டு. இரண்டும் வேண்டுமானால் எல்லாக் கட்டங்களையும் ஒரே அகலத்தில், 1600 இல், வரைந்துகொள்ளுங்கள். சுருளில் அவற்றை இடைவெளி விட்டு ஒன்றின்கீழ் ஒன்றாக இறக்கலாம். நூலில் இரண்டு மூன்றை ஒரு பக்கத்தில் அடுக்கலாம். அகன்ற துறைமுகக் காட்சிகளை மட்டும் இழக்க நேரும் என்பது உண்மைதான்.

உப்புவெளிக் கிறுக்கன்:

அண்ணாவுக்கும் அக்காவுக்கும் அச்சக ஐயாவுக்கும் மிக்க நன்றி. நேற்றிரவு பழைய பக்கத்தைத் திறந்து, வசனங்களை மட்டும் 64 பிக்சலில் புதிய கன்வஸில் வைத்துப் பார்த்தேன். பதினொரு கட்டங்களில் மூன்றில் வசனமே தேவைப்படவில்லை. இரண்டில் படமே தேவைப்படவில்லை. "நாங்கள் இப்போது பாதையில் ஏறிக்கொண்டிருக்கிறோம்" என்று எழுதியிருந்ததை "ஏறு, ஏறு" என்று மாற்றினேன். அம்மப்பா உண்மையில் அப்படித்தான் சொன்னாராம். கிரிட்டாவின் புதிய பதிப்பில் கொக்கும் கௌதாரியும் ஒழுங்காக நிற்கின்றன.

நேரத்தையும் காலைக்கு மாற்றிவிட்டேன். ஒரு சந்தேகம் மட்டும் மிச்சம்: மிதவையின் பக்கங்களில் நீர் அடிக்கும் சத்தத்தை எழுத்துருவில் இடலாமா?

பழைய பாமினி:

வேண்டாம். ஒலிக்குறிப்பைக் கையால் வரையுங்கள், கோட்டு லேயரிலேயே. "சளக்" என்பதில் வரும் "ள"வின் சுழியை அலையாகவே வளைத்துவிடலாம். அந்த வேலைக்கு என் எழுத்துருக்கள் உதவா.