மழைக்காலத்தில் வீட்டு உரத்தொட்டி: ஆலோசனை தேவை

அனைவருக்கும் வணக்கம். சென்னையில் அடுக்குமாடிக் குடியிருப்பில் வசிக்கும் எங்கள் வீட்டுக் காய்கறிக் கழிவு கொடுங்கையூர் குப்பைமேட்டுக்குப் போய், காற்றுப் புகாமல் அழுகி மீத்தேனாக வெளியேறக் கூடாது என்பதற்காகவே, பால்கனியில் துளையிட்ட மண்தொட்டிகளில் உரம் தயாரித்து வருகிறோம். 2019இல் நெகிழித் தடை வந்தபின் துணிப்பை பலருக்கும் பழகிவிட்டது. ஈரக்கழிவைப் பற்றி மட்டும் இன்னும் போதிய அக்கறை பிறக்கவில்லை என்பது என் வருத்தம்.

கோடையில் சிக்கல் இல்லை. ஐப்பசி பிறந்து வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும், வாழைப்பழத் தோலும் பூசணிக் குடலும் விடும் நீரை உறிஞ்சக் காய்ந்த சருகு கிடைக்காமல், தொட்டியின் அடியில் கறுப்புச் சாறு தேங்கி, புளித்த வாடையும் வெண்புழுக்களும் வந்துவிடுகின்றன. தென்னை நார்க்கழிவை உதிர்த்துப் போட்டால், அதுவும் ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்கிறது.

மழை மாதங்களிலும் தொடர்ந்து உரம் தயாரிப்பவர்கள் சருகுக்குப் பதிலாக என்ன சேர்க்கிறீர்கள்? மரம் அறுக்கும் மில்லில் கிடைக்கும் தூளில் ஒட்டுப்பலகையின் பசை கலந்திருக்குமோ என்று தயங்குகிறேன். அதைப் பயன்படுத்தியவர்கள், அந்த உரத்தைக் கீரைக்கு இட்டீர்களா என்பதையும் சேர்த்துத் தெரிவித்தால் பேருதவியாக இருக்கும்.