போதையை விட்டு வந்தவர்கள் மலையில் எப்படிக் காலூன்றினார்கள்? அனுபவத்தைச் சொல்லுங்கள்

பாலாடா அக்கா:
என் தம்பி விஷயத்தைச் சொல்கிறேன். ஊர் நீலகிரியில் கேத்தி பாலாடா பக்கம். பெயர் வேண்டாம், இங்கே எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். கோயம்புத்தூரில் படிக்கப் போன இடத்தில் கஞ்சாவில் ஆரம்பித்து வலி மாத்திரை வரைக்கும் போனவன். சிகிச்சை முடிந்து வந்த அன்று சொந்தக்காரர்கள் வந்து, "இனிமேல் கவலை இல்லை" என்று காபி குடித்துவிட்டுப் போனார்கள். எங்களுக்கு வேலையே அதற்கப்புறம்தான் ஆரம்பித்தது.

உடம்பு வலி, மூக்கொழுகல், வயிற்றுப்போக்கு எல்லாம் ஆஸ்பத்திரியிலேயே ஒரு வாரத்தில் அடங்கிவிட்டன. தூக்கம் மட்டும் வரவே இல்லை. ராத்திரி பூராவும் கொட்டக் கொட்ட விழித்திருப்பவனைக் கேரட் அறுவடைக்கு அனுப்பினோம். எங்கள் பக்கம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: நடுச்சாமம் தாண்டியதும் பிக்கப் வண்டியில் ஆட்களை ஏற்றிப் போவார்கள். நெற்றியில் டார்ச்சைக் கட்டிக்கொண்டு பிடுங்கி, தழையை ஒடித்து, மூட்டை கட்டி, விடிவதற்குள் கழுவும் மெஷினுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். அங்கிருந்து லாரி மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்கும். பனியில் விரல் மரத்துப் போகும். வீட்டுக்கு வந்தால் அடித்துப் போட்ட மாதிரி தூங்குவான்.

ஆனால் கூலி அன்றன்றைக்கே கையில். வினையே அங்கேதான். உடம்பு வலிக்கிறது, பாக்கெட்டில் காசு இருக்கிறது, பக்கத்தில் நிற்கிறவன் "ஒரு மாத்திரை போடு, வலியே தெரியாது" என்கிறான். மேஸ்திரியிடம் போய், "அண்ணா, கூலியை வாரத்துக்கு ஒரு தடவை அம்மா கையில் கொடுங்கள்" என்று கேட்டேன். ஒத்துக்கொண்டார். தம்பிக்குத்தான் கோபம். "ஊர் முன்னாடி என்னைச் சின்னப் பையனாக்கிவிட்டாய்" என்று கொஞ்ச நாள் முகம் கொடுத்தே பேசவில்லை. இப்போது அவனே கூலியை அம்மாவிடம் கொடுத்துவிட்டு பஸ்ஸுக்கும் டீக்கும் மட்டும் வாங்கிக்கொள்கிறான். கவுன்சிலிங் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. எங்கள் வீட்டில் ஆளை நிறுத்தி வைத்தது, காசு யார் கையில் என்பதுதான்.

கொடை டிரைவர்:
அக்கா, காசு விஷயம் நூற்றுக்கு நூறு உண்மை. நான் கஞ்சாவை விட்டவன், கொடைக்கானலில் டாக்சி ஓட்டுகிறேன். சீசனில் தூண் பாறை வருவதற்குள்ளேயே "அண்ணா, போதைக் காளான் கிடைக்குமா, கஞ்சா கிடைக்குமா" என்று ஆரம்பித்துவிடுவார்கள். விட்டவனிடமே வந்து கேட்கிறார்கள், என் தலையெழுத்து! முதலில் சிரித்து மழுப்பிப் பார்த்தேன். மழுப்பினால் ரேட் பேசுகிறேன் என்று நினைக்கிறார்கள். இப்போது நேராகச் சொல்லிவிடுகிறேன்: அந்தக் காளானில் இருக்கும் சைலோசைபினும் 1985 போதைப்பொருள் சட்டத்தில் வருகிறது, பிடித்தால் உங்களோடு என் வண்டியும் போகும். அப்புறம் வண்டிக்குள் சத்தமே இருக்காது.

பழைய கூட்டாளிகள் நிற்கிற ஸ்டாண்டை விட்டு வந்ததில் வருமானம் கொஞ்சம் அடிபட்டது. அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் சவாரி இல்லாமல் வண்டிக்குள்ளே உட்கார்ந்திருக்கும் நேரம்தான் மோசம். அந்த மாதங்களில் பூம்பாறையில் மச்சான் பூண்டுத் தோட்டத்துக்குப் போய்விடுகிறேன். அவன் தருகிற கூலி ஒன்றும் பெரிசில்லை, சாயங்காலம் வரைக்கும் ஆளைச் சும்மா விடமாட்டான்.

குன்னூர்வாசி:
மாலை போட்டால் நின்றுவிடும் என்று அப்பா எங்கள் அண்ணனுக்குச் சபரிமலைக்கு மாலை போட வைத்தார். அவனுக்கு மாத்திரைப் பழக்கம். மண்டலம் முழுக்க ஒரு குறை சொல்ல முடியாது, விடிகாலையில் பச்சைத் தண்ணீர்க் குளியல், அதுவும் குன்னூர்க் குளிரில். மாலையைக் கழற்றிய அன்றைக்குச் சாயங்காலமே மாத்திரைக்குத் திரும்பிப் போய்விட்டான். சாமியைக் குறை சொல்லவில்லை. 48 நாள் முடிந்த மறுநாள் அவன் எங்கே போவான், என்ன வேலை செய்வான் என்று வீட்டில் ஒருத்தரும் யோசிக்கவில்லை.

ஓய்வுபெற்ற நர்ஸ்:
குன்னூர்த் தம்பிக்கு ஒன்று சொல்ல வேண்டும். அப்படித் திரும்பிப் போகிற நேரம்தான் உயிருக்கே ஆபத்து. ஹெராயினோ அந்த வலி மாத்திரைகளோ, சில வாரம் நிறுத்தினாலே உடம்பின் தாங்கும் சக்தி இறங்கிவிடும். பழைய அளவையே எடுத்தால் மூச்சு நின்றுபோகலாம். வீட்டில் எல்லோருக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.

இன்னொன்று. குடியையோ தூக்க மாத்திரையையோ ஆளை அறையில் பூட்டி ஒரேயடியாக நிறுத்தப் பார்க்காதீர்கள். வலிப்பு வரலாம். ராத்திரியில் மூடுபனிக்குள் கொண்டை ஊசி வளைவுகளில் ஒரு நோயாளியை இறக்குவது என்ன பாடு என்று மலைக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. நாக்குக்கு அடியில் வைக்கும் பியூப்ரெனார்பின் மாத்திரையை "ஒரு போதைக்கு இன்னொரு போதையா" என்று பிடுங்கி எறிந்த குடும்பங்களையும் பார்த்திருக்கிறேன். அது ஏக்கத்தை அடக்கி ஆளை வேலைக்குப் போகவைக்கிற மருந்து. டாக்டர் சொல்லாமல் நிறுத்தக் கூடாது.

போலீசுக்குப் பயந்து சிகிச்சைக்கு வராதவர்கள் நிறைய. அதே 1985 சட்டத்தில் 64ஏ பிரிவு இருக்கிறது. பழக்கத்துக்கு அடிமையானவர் தானாக முன்வந்து அரசு மருத்துவமனையிலோ அங்கீகாரம் பெற்ற இடத்திலோ சிகிச்சை எடுத்தால், பயன்படுத்தியதற்கும் சிறு அளவு வைத்திருந்ததற்குமான வழக்கிலிருந்து விலக்கு கேட்கலாம். சிகிச்சையைப் பாதியில் விட்டால் அந்த விலக்கு போய்விடக்கூடும். எங்கே போவது என்று தெரியாவிட்டால் போதை மீட்பு உதவி எண் 14446க்குக் கூப்பிடுங்கள், கட்டணம் கிடையாது. தமிழக அரசு 2025இல் 'கலங்கரை' என்ற பெயரில் 25 போதை மீட்பு மையங்களைத் திறந்திருக்கிறது, அதையும் விசாரியுங்கள்.

கோத்தகிரி அம்மா:
என் மகன் அடுத்த வாரம் வீட்டுக்கு வருகிறான். கால்கட்டுப் போட்டால் சரியாகிவிடுவான் என்று நாத்தனார் நச்சரிக்கிறார். என்ன செய்யட்டும்?

பாலாடா அக்கா:
கல்யாணப் பேச்சை இப்போது எடுக்கவே எடுக்காதீர்கள் அம்மா. வருகிற பெண் என்ன பாவம் செய்தாள்? முதலில் ஒரு வேலை. ஏடிஎம் கார்டை வாங்கி வைத்தால் மட்டும் போதாது, போனில் ஜிபே இருக்கிறதா என்று பாருங்கள். எங்கள் வீட்டில் அந்த ஓட்டையை அடைக்கத்தான் நாளானது. அதையும் அவனிடம் சொல்லிவிட்டே செய்யுங்கள், திருட்டுத்தனமாகச் செய்தால் சண்டைதான் மிஞ்சும். இந்தப் பக்கம் வரச் சம்மதித்தால் மேஸ்திரியிடம் நான் பேசுகிறேன். குல்லாவும் ரப்பர் பூட்ஸும் மட்டும் அவனையே கொண்டுவரச் சொல்லுங்கள், இங்கே யாரும் தரமாட்டார்கள்.