பரிசோதிக்காமல் 'எனக்கு ஆட்டிசம்' என்று சொல்லலாமா?

வயது முப்பதைத் தாண்டிவிட்டது. டியூப்லைட் இரைச்சல்கூடத் தாங்காது, சட்டை லேபிளை வெட்டாமல் போட முடியாது, போன் பேசுவதற்கு முன் சொல்ல வேண்டியதை எழுதி வைத்துக்கொள்வேன். ஆட்டிசம் பற்றிப் படித்தால் என்னையே எழுதியது போல இருக்கிறது. மருத்துவரிடம் போகவில்லை. அப்படிச் சொல்லிக்கொள்வது சரியா?

பதில் 1: 'இருக்கலாம் என்று நினைக்கிறேன்' என்று தாராளமாகச் சொல்லுங்கள். நிறைய பேருக்கு, அதிலும் பெண்களுக்கு, பல வருடம் யார் கண்ணிலும் படுவதில்லை, மற்றவர்களைப் பார்த்துப் பார்த்து அதே மாதிரி நடந்துகொள்ளப் பழகிவிடுகிறோம், அப்புறம் வீட்டுக்கு வந்ததும் ஒரேயடியாகச் சோர்ந்துபோகிறோம்.

பதில் 2: இணையத்தில் கிடைக்கும், ஆட்டிசத் தன்மைகள் எவ்வளவு இருக்கின்றன என்று நாமே பார்த்துக்கொள்ளும் 50 கேள்வி ஏக்யூ படிவம் வெறும் முதற்கட்டச் சல்லடைதான். ஏடிஎச்டி (கவனக்குறைவு, மிகைத் துடிப்பு), சமூகப் பதற்றம் இருந்தாலும் இப்படித் தோன்றலாம். சிறுவயதிலேயே இருந்ததா என்று வீட்டில் கேளுங்கள்.

பதில் 3: காதடைப்பான் வைக்கச் சான்றிதழ் வேண்டாம். வேலையில் சலுகை கேட்பதென்றால் பரிசோதனைக்குப் போங்கள்.