அணிக்குக் கையால் எழுதும் பதாகை: துணி, வண்ணம், எழுத்தளவு குறித்து ஆலோசனை தேவை

மூன்றாம் வரிசை (கேள்வி)

எங்கள் கால்பந்து அணி இறுதிப் போட்டிக்குத் தகுதி பெற்றிருப்பதால், அச்சகத்துக்குப் போகாமல் நண்பர்கள் சேர்ந்து வீட்டிலேயே ஒரு பதாகை எழுதுவதென முடிவு செய்திருக்கிறோம். 10 அடி நீளமும் 4 அடி உயரமும் உள்ள துணியில் 'எதிரில் யார் நின்றாலும் எங்கள் அணியே வெல்லும்' என்று இரண்டு வரிகளில் எழுத எண்ணம். ஆட்டம் இரவில் மின்னொளியில் நடக்கும். எதிர்ப்பக்கத்தில் அமர்ந்திருப்பவர்களும் படிக்க வேண்டும். எந்தத் துணியும் வண்ணமும் ஏற்றவை? அணியின் நிறங்கள் சிவப்பும் கருநீலமும்.

தூரிகை

துணியைப் பற்றி யோசிக்கும் முன் வாசகத்தைக் குறைத்துவிடுங்கள். 10 அடித் தொலைவுக்கு 1 அங்குல எழுத்துயரம் என்பது விளம்பரப் பலகை எழுதுபவர்கள் கைக்கொள்ளும் கணக்கு. பெரிய கால்பந்துத் திடலின் அகலமே ஏறத்தாழ 68 மீட்டர், அதாவது 220 அடிக்கு மேல் என்பதால், எழுத்து 2 அடி உயரமாவது இருந்தாக வேண்டும். மேலே புள்ளிக்கும் சுழிக்கும், கீழே ஓரத்துக்கும் இடம் விட்டால் உங்கள் துணியில் ஒரு வரிதான் அடங்கும்.

அந்த ஒரு வரியிலும், எழுத்துகளை எண்ணாமல் உருவங்களை எண்ணுங்கள். 'வெல்வோம்' என்பது நான்கு எழுத்துகள்தான். ஆனால் கொம்பு, கால் எல்லாம் சேர்ந்து துணியில் ஏழு உருவங்களாக இடம்பிடிக்கும். இருபுறமும் அரை அடி விட்டால் ஒவ்வோர் உருவத்துக்கும் சுமார் 15 அங்குல அகலம் கிடைக்கும், சற்று ஒடுக்கமாக எழுதினால் போதும். உங்கள் நீண்ட வாசகம் அழகானதுதான். ஆனால் அதை உங்கள் பக்கத்து இருக்கைக்காரர் மட்டுமே படிப்பார்.

நூல்கண்டு

ஃபிளெக்ஸில் மின்னொளி பட்டுப் பளபளத்து எழுத்து மறைந்துவிடும் என்பதால், துணியில் எழுதும் உங்கள் முடிவு சரியானது; பருத்தித் துணியாக எடுங்கள். புதுத் துணியில் கஞ்சி இருந்தால் வண்ணம் உள்ளே இறங்காது; முதலில் அலசி, உலர்த்தி, இஸ்திரி போட்டுக்கொள்ளுங்கள். எனாமல் பெயிண்ட் உலர நெடுநேரம் பிடிப்பதோடு, காய்ந்தபின் விறைத்து, மடிப்பில் வெடிக்கும். அக்ரிலிக் வண்ணமே நல்லது, உலர்ந்த பிறகு நீரிலும் கரையாது. அடியில் செய்தித்தாளை விரிக்காதீர்கள், ஈரத்தில் ஒட்டிக்கொண்டு பின்பு உரிக்க உயிர் போகும். பிளாஸ்டிக் தாளை விரித்து, வண்ணம் முழுதாகக் காய்வதற்குள் துணியை மெல்லத் தூக்கிவிடுங்கள். எடுத்துச் செல்லும்போது மடிக்காமல் சுருட்டுங்கள்.

விளிம்பை இருமடிப்பாகத் தைத்து, மேலும் கீழும் அதனுள் கயிறு கோத்துவிட்டால் இழுவிசை முழுவதும் துணியின் மேல் விழாது. மூலைகளில் மட்டும் கட்டினால் ஒரே காற்றில் கிழியும், ஆகவே 2 அடிக்கு ஒரு வளையம் வையுங்கள். காற்று புகுந்து செல்லத் துணியில் ஓட்டை போடச் சிலர் சொல்வார்கள்; எனக்கு அதில் உடன்பாடில்லை, கிழிசல் அங்கிருந்துதான் தொடங்கும்.

மூன்றாம் வரிசை

மிக்க நன்றி. 'வெல்வோம்' என்றே வைத்துக்கொள்கிறோம். கருநீலத் துணியில் சிவப்பு எழுத்து எடுபடுமா?

தூரிகை

எடுபடாது. இரண்டும் அடர்ந்த நிறங்கள், தொலைவிலிருந்து ஒன்றாகக் கலந்துவிடும். கருநீலத் துணியில் வெள்ளை எழுத்து எழுதி, சிவப்பைச் சுற்றுக்கரையில் மட்டும் காட்டுங்கள். அடியிலுள்ள அடர்நிறம் வெள்ளையின் ஊடே தெரியும் என்பதால் இரண்டு பூச்சு தேவைப்படும். எழுத்துக் கோட்டின் தடிமன் 4 அங்குலத்துக்குக் குறைய வேண்டாம். தூரிகையை எடுப்பதற்கு முன்பே அரங்க நிர்வாகத்திடம் அளவு வரம்பையும், கம்புகளுக்கு அனுமதி உண்டா என்பதையும் கேட்டுவிடுங்கள். விளம்பரப் பலகையை மறைக்கும் இடத்தில் கட்டப் பொதுவாக விடமாட்டார்கள்.