மறு: குளோ பிளக்குக்குத் தமிழில் ஒளிர்செருகி சரியா?

> ஒளிர்செருகி என்றே வைத்துவிடலாம். பொறிச்செருகிக்கு இணையாக இருக்கும்.

ஐயா, குளிரில் டீசல் இன்ஜின் கிளம்ப உள்ளே சூடாகி உதவுவது குளோ பிளக். பெட்ரோல் இன்ஜினின் ஸ்பார்க் பிளக்கைப் பொறிச்செருகி என்பதால் இணை சரிதான். 'ஒளிர்'தான் எனக்கு ஒட்டவில்லை. காரணம் சொல்ல என் வண்டிக் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

மதுரையில் மார்கழி விடியற்காலையில்கூட 20 டிகிரிக்குக் கீழே அதிகம் இறங்காது. என் டீசல் கார் வாசலில் ஒரே சாவியில் கிளம்பிவிடும். போன மாதம் கொடைக்கானலில் ஓர் இரவு தங்கினோம். காலையில் சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, இன்ஜின் பிடிக்கவில்லை. நாலாவது தடவை நடுங்கிக்கொண்டே எழுந்தது. பின்னால் ஒரே வெள்ளைப் புகை, டீசல் நாற்றம். எரியாத டீசல்தான் அப்படி வெளுப்பாக வரும். வத்தலக்குண்டுக்கு இறங்கியதும் நோயே இல்லாதவன் போல ஓடியது.

தெப்பக்குளம் பக்கத்துப் பட்டறை அண்ணன் முதலில் பேட்டரியைப் பார்த்தார், நன்றாக இருந்தது. அப்புறம் மல்டிமீட்டரை எடுத்து நாலு குளோ பிளக்கையும் தொட்டார். பட்டறையில் அதற்கு ஹீட்டர் பிளக்கு என்று பெயர். நல்ல பிளக்கில் ஓர் ஓம் அளவுக்குத்தான் தடை காட்டும். இரண்டில் முள் அசையவே இல்லை, உள்ளே சுருள் அறுந்திருந்தது. "ஹீட்டர் பிளக்கு போயிருக்கு சார். நம்மூர் வெக்கையில இது செத்தாலும் தெரியாது" என்றார்.

டீசல் இன்ஜினில் பொறி கிடையாது. காற்றைப் பதினாறு, பதினெட்டு மடங்கு நெருக்கும்போது வருகிற சூட்டிலேயே டீசல் பற்றிக்கொள்ளும். குளிர்ந்து கிடக்கும் இரும்பு அந்தச் சூட்டைக் குடித்துவிடுகிறது. கொடைக்கானல் 2,100 மீட்டர் உயரம் வேறு. காற்றழுத்தமே ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அந்த நேரத்தில்தான் பிளக்கின் நுனி 800 டிகிரிக்கு மேல் சிவந்து நின்று கைகொடுக்கிறது. வெளிச்சம் காட்டுவதா அதன் வேலை? மின்மினி ஒளிரும். இது கனல்கிறது.

> ஒரே சொல்லாகக் 'கனலி'?

அழகுதான். ஆனால் பழந்தமிழில் கனலி ஞாயிறு. பட்டறையில் சூரியனை மாற்றச் சொல்ல முடியாது. 'சூடேற்றி'யும் வேண்டாம். காருக்குள் நமக்குச் சூடு தரும் ஹீட்டர், லாரிகளில் உள்ளே போகும் காற்றைச் சூடாக்கும் ஹீட்டர் எல்லாமே அதற்குள் வந்து விழும்.

என் பரிந்துரை கங்குச்செருகி. அடுப்பில் ஊதினால் சிவக்குமே, இஸ்திரிப் பெட்டிக்குள் கிடக்குமே, அந்தக் கங்கு. கொழுந்து விடாமல் சும்மா சிவந்து கிடக்கும், மேலே விழுவதைப் பற்ற வைத்துவிடும். 'கங்கு கரை இல்லை' என்பதில் வரும் கங்குக்கு எல்லை என்று பொருள், அது குழப்பாதா என்று கேட்பீர்கள். இன்ஜினுக்குள் யாரும் வரப்பைத் தேடப் போவதில்லை. 'செருகி'தான் எனக்கும் உறுத்துகிறது. இது மரையில் திருகி இறக்குகிற சாமான். ஆனால் பொறிச்செருகியும் அப்படித்தானே? அந்தச் சண்டையை இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம்.

சாவி போட்டதும் டேஷ்போர்டில் மஞ்சளாகச் சுருள் வடிவில் வரும் விளக்கைக் கங்கு விளக்கு எனலாம். "கங்கு விளக்கு அணைந்த பிறகு ஸ்டார்ட் செய்யவும்" என்று எழுதிப் பார்த்தேன், தடுக்காமல் படிக்க முடிகிறது.

பட்டறையிலும் சொல்லிப் பார்த்தேன். அண்ணன் சிரிக்கவில்லை, அதுவே பெரிசு. பையனைக் கூப்பிட்டு, "டேய், கங்குப் பிளக்கு புதுசு நாலு எடுத்தா" என்றார்.

> எங்கள் பக்கம் தணல் என்போம். தணல்செருகி?

அம்மா, எனக்கு மறுப்பில்லை. பொருள் அதேதான். சொல்லிப் பார்த்து நாக்குக்கு எது சுலபமோ அது நிற்கட்டும்.

அடுத்து, இந்தச் செருகிகளுக்கு மின்சாரத்தை விட்டு நிறுத்தும் ரிலேக்கு ஒரு சொல் வேண்டும். ஒலிபரப்பை ரிலே செய்வதை வானொலிக்காரர்கள் சொல்வதுபோல 'அஞ்சல்' என்று மட்டும் யாரும் ஆரம்பிக்காதீர்கள்.