பொங்கல் பேக்ரவுண்ட் செய்து பட்ட பாடு: உங்கள் கதையையும் சொல்லுங்கள்

சிவகங்கைச் சீமை எழுதியது:

தை பிறக்க இன்னும் மூன்று வாரம் இருக்கிறது, அதற்குள் இரண்டு பேர் "நல்ல பொங்கல் பேக்ரவுண்ட் பி.எஸ்.டி. இருந்தா அனுப்புங்க" என்று கேட்டுவிட்டார்கள் (பி.எஸ்.டி. என்றால் லேயர் லேயராகத் திருத்தக்கூடிய ஃபோட்டோஷாப் ஃபைல்). அனுப்புகிறேன். ஆனால் அந்த ஃபைல் உருவான கதையைக் கேட்டுவிட்டு வாங்கிக்கொள்ளுங்கள், நான் பட்டது நீங்களும் பட வேண்டாம்.

எங்கள் ஊர் இளைஞர் மன்றத்தில் பொங்கலுக்கு விளையாட்டு விழா நடக்கும். உறியடி, சாக்கு ஓட்டம், கோலப்போட்டி எல்லாம் உண்டு. அந்த வருடம் "நீதான் கம்ப்யூட்டர் படிச்சவன்" என்று பேனர் வேலை என் தலையில் விழுந்தது. நான் படித்தது டேலி, கணக்கு எழுதுகிற சாஃப்ட்வேர். ஃபோட்டோஷாப் யூடியூப் பார்த்துக் கற்றதுதான். 10 அடிக்கு 8 அடி ஃப்ளெக்ஸ் என்றார்கள். பிரின்ட் என்றால் 300 ரெசல்யூஷன், அதாவது அங்குலத்துக்கு 300 பிக்சல், என்று எங்கோ படித்த ஞாபகத்தில் அப்படியே போட்டேன். 120 அங்குலத்தை 300-ஆல் பெருக்கினால் 36,000 பிக்சல் அகலம், உயரம் 28,800. மொத்தம் நூறு கோடி பிக்சலுக்கு மேல். என் 4 ஜி.பி. ராம் கம்ப்யூட்டர் ஒரு பிரஷ் வைத்தால் டீ குடித்துவிட்டு வரும் வரை சுற்றிக்கொண்டே இருக்கும். எப்படியோ இரண்டு லேயர் (ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கிற படத்தாள் மாதிரி) முடித்து சேவ் கொடுத்தால் பி.எஸ்.டி.யாக ஆகமாட்டேன் என்கிறது. அதில் 30,000 பிக்சலுக்கு மேல் போக முடியாது என்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஃப்ளெக்ஸ் கடை அண்ணனுக்கு போன் போட்டேன். சிரித்தார். "பத்தடி தள்ளி நின்னு பாக்குற போர்டுக்கு எதுக்குத் தம்பி முந்நூறு? எழுபத்திரண்டு போதும்." 72 என்று மாற்றினால் 8,640-க்கு 6,912. ஆறு கோடி பிக்சலுக்குள் முடிந்துவிட்டது, கம்ப்யூட்டரும் மூச்சு விட்டது.

சரி, படம்? இணையத்தில் பொங்கல் வெக்டர் என்று தேடி வந்ததை எல்லாம் இறக்கி ஒட்டினேன். பானை, கரும்பு, சூரியன், மூலைக்கு மூலை சாமந்தித் தோரணம், பின்னால் வானத்தில் பத்துப் பதினைந்து பட்டம். அது குஜராத்தில் உத்தராயணத்துக்கு விடுகிற பட்டம் என்பது அப்போது உறைக்கவே இல்லை, சங்கராந்தி என்று பெயர் இருந்தது, எடுத்துப் போட்டுவிட்டேன். பெருமையாக அப்பத்தாவிடம் போனைக் காட்டினேன். கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டுக் கேட்டது: "இது என்னடா, பொங்கப் பானைக்குப் பக்கத்துல மூங்கில நட்டு வச்சிருக்க?"

பார்த்தால் மூங்கில்தான். வெளிர்பச்சையாக, கணுக்கணுவாக. நாம் பொங்கலுக்கு வைக்கிறது கருஞ்சிவப்புத் தோல் உள்ள கரும்பு. "பானக் கழுத்துல மஞ்சக்கொத்தையும் காணோம்" என்று அடுத்த குட்டு. அதோடு அந்த ஃபைலைத் தூக்கிப் போட்டேன்.

அப்போது மார்கழி. காலையில் அப்பத்தா சாணம் தெளித்துப் போடுகிற கோலம் வாசலில் இருக்கிறது, நடுவில் சாணி உருண்டையில் பரங்கிப்பூ. இதை விட்டுவிட்டு எங்கே தேடிக்கொண்டிருந்தேன் என்று எனக்கே வெட்கமாகப் போய்விட்டது. மறுநாள் விடிந்தும் விடியாமல் திண்ணையில் ஸ்டூல் போட்டு ஏறி நின்று படம் எடுத்தேன். இங்கே ஒன்று சொல்ல வேண்டும், வெயில் விழுவதற்கு முன்னால் எடுத்துவிடுங்கள். வெயில் விழுந்தால் தரையின் மேடுபள்ளமெல்லாம் நிழல் விட்டு, மாவு எது மண் எது என்று பிரிக்கவே முடியாது. முதல் நாள் எட்டு மணிக்கு எடுத்து நான் வீணடித்தேன்.

அதற்கப்புறம் வேலை சுலபம். படத்தை டீசாச்சுரேட் செய்து கறுப்பு வெள்ளையாக்கி, லெவல்ஸில் (வெளிச்சம், இருட்டைக் கூட்டிக் குறைக்கிற இடம்) கறுப்பு முள்ளை உள்ளே தள்ளத் தள்ள சாணத் தரை முழுக்கக் கறுத்துவிடும், மாவுக்கோடு மட்டும் வெள்ளையாக நிற்கும். அந்த லேயரை ஸ்கிரீன் மோடில் வைத்தால் கறுப்பு மறைந்துபோய்க் கோலம் மட்டும் அடியில் உள்ள அரக்கு நிறத்தின் மேல் வந்து உட்காரும். வெட்டுவது, அழிப்பது ஒன்றும் வேண்டாம். வாணவேடிக்கைப் படத்துக்கும் இதே வழிதான், கறுப்பு வானம் தானாகப் போய்விடும். பரங்கிப்பூ மட்டும் சாம்பல் நிறமாகிவிட்டது, அதற்கு நிறப்படத்திலிருந்து பூவை மட்டும் மாஸ்க் போட்டு மேலே வைத்தேன். ஸ்டூலில் நின்றும் கோலம் ஒரு பக்கம் சாய்ந்துதான் விழுந்திருந்தது, கன்ட்ரோல் டி அடித்து டிஸ்டார்ட்டில் நான்கு மூலையையும் இழுத்துச் சதுரமாக்கினேன்.

பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் கவனித்தேன். கோடு திரும்புகிற இடத்திலெல்லாம் அப்பத்தா ஒரு நொடி விரலை நிறுத்தியிருக்கிறது, அந்தந்த இடத்தில் மாவு கொஞ்சம் கூடுதலாக, மிளகு அளவுக்குக் குவிந்திருக்கிறது. ஃப்ளெக்ஸில் அது எலுமிச்சம்பழ அளவுக்கு வந்தது. சரி செய்யலாமா என்று கடை அண்ணன் கேட்டார், தொடாதீர்கள் என்றேன்.

கோலம் நன்றாக வந்த தெம்பில் ஒரு தப்புப் பண்ணினேன். பொக்கே என்று சொல்கிற மங்கலான ஒளிவட்டங்கள், பிரஷில் ஸ்கேட்டரிங் (சிதறல்), சைஸ் ஜிட்டர் (அளவு மாறுவது) எல்லாம் கூட்டி வைத்து ஒரு இழு இழுத்தால் நூறு வட்டம் விழும், அது கை அரிப்பு மாதிரி, நிறுத்த முடியாது. முடித்துப் பார்த்தால் மன்றத் தலைவர் முகத்தில் மூன்று வட்டம், "அனைவரும் வருக" எங்கே இருக்கிறது என்று தேட வேண்டும். கடை அண்ணன் வந்து, எழுத்து வரும் இடத்தில் மட்டும் கீழிருந்து மேலாக ஒரு கருஞ்சிவப்பு கிரேடியன்ட் இழுத்து வட்டங்களை அமுக்கினார். அரை நிமிட வேலை. அப்புறம்தான் எழுத்து கண்ணில் பட்டது.

நிறத்தில் ஒரு அடி வாங்கினேன், அதையும் சொல்லிவிடுகிறேன். திரையில் மின்னிய கிளிப்பச்சை, பிரின்டில் வாடிய வாழையிலை நிறத்தில் வந்தது. வேலை முழுக்க ஆர்.ஜி.பி.யில் (திரைக்கான நிறமுறை) செய்துவிட்டுக் கடைசி நிமிடத்தில் சி.எம்.ஒய்.கே.வுக்கு (அச்சு மைக்கான நிறமுறை) மாற்றினால் அப்படித்தான். நடுநடுவே கன்ட்ரோல் ஒய் அடித்துப் பார்த்துக்கொள்ளுங்கள், மை எப்படி வரும் என்று ஓரளவு காட்டிக்கொடுக்கும்.

* * *

இரவுப்பணி எழுதியது:

நான் பேனர் அளவுக்கெல்லாம் போகவில்லை. 2021-இல் எல்லோரும் வீட்டிலிருந்து வேலை பார்த்த சமயம், ஆபீஸ் பொங்கல் கொண்டாட்டம் வீடியோ காலில்தான். ஆளுக்கொரு பேக்ரவுண்ட் என்றார்கள். 1,920-க்கு 1,080, ஒரு மணி நேரத்தில் முடித்துவிட்டேன். நடுவில் பெரிய பொங்கல் பானை, பால் பொங்கி நுரை வழிகிற மாதிரி, அதற்கு மட்டும் பாதி நேரம் போனது.

கால் ஆரம்பித்தது. பானை இருக்கிற இடத்தில்தானே நான் உட்கார்ந்திருக்கிறேன்! பானை முழுக்க என் பின்னால் மறைந்துவிட்டது, நுரை மட்டும் என் உச்சந்தலையிலிருந்து பொங்கி வழிகிறது. போதாக்குறைக்குக் கரும்புத் தோகை இரண்டு பக்கமும் கொம்பு மாதிரி. என் டீம் லீடு ஒரு பெண், அவர் வாய் விட்டுச் சிரித்ததை அன்றைக்குத்தான் முதல் தடவை கேட்டேன். "பொங்கலோ பொங்கல்" என்று எல்லோரும் என் தலையைப் பார்த்துக் கத்தினார்கள்.

இதாவது பரவாயில்லை. கால் தொடங்கும் முன் சோதித்தபோது எழுத்து இடம் வலமாகத் தெரிந்தது என்று, புத்திசாலித்தனமாக ஃபோட்டோஷாப்புக்குப் போய் மொத்தப் படத்தையும் ஃபிளிப் ஹாரிசான்டல் செய்து போட்டேன். எனக்கு நேராகத் தெரிந்தது, மற்ற எல்லோருக்கும் கண்ணாடியில் பார்ப்பது போல வாழ்த்து. நம் முகம் நமக்குக் கண்ணாடி மாதிரி தெரிவதால்தான் எழுத்தும் அப்படித் தெரிகிறது, எதிரில் இருப்பவர்களுக்குச் சரியாகத்தான் போகும். தயவுசெய்து திருப்பாதீர்கள். அலங்காரத்தை மேலேயும் ஓரத்திலும் வையுங்கள், மாவிலைத் தோரணம் அதற்கென்றே பிறந்தது.

* * *

கொங்குப்பக்கம் எழுதியது:

எங்களுக்கு ஃபோட்டோஷாப் காசு கட்டுபடி ஆகாதுங்க, இலவசமாகக் கிடைக்கிற ஜிம்ப்தான். 2.10-இல் சிமெட்ரி பெயின்டிங் என்று ஒன்று வந்ததே, அதில் மண்டலா எடுத்து எட்டு என்று வைத்துக்கொண்டு ஒரு இதழ் போட்டால் எட்டு இதழ் விழும். அந்தச் சந்தோஷத்தில் ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை போனது. அம்மாவிடம் காட்டினேன். "ரங்கோலி நல்லா இருக்குது, கோலம் எங்க சாமி?" என்றார்கள். நியாயந்தானுங்க. சிக்குக் கோலத்தில் கம்பி புள்ளிகளைச் சுற்றி வந்து தொடங்கிய இடத்தில் சேர வேண்டும். மண்டலாவில் எட்டுத் துண்டு தனித்தனியாகச் சுழலும், அவ்வளவுதான்.

அப்புறம் கிரிட் போட்டு, ஸ்னாப் ஆன் செய்து, ஏழு புள்ளி வைத்து, பாத் டூலில் (வளைகோடு இழுக்கிற கருவி) அம்மா சொல்லச் சொல்லக் கம்பியை இழுத்து, அதன் மேல் கோடு விழ ஸ்ட்ரோக் கொடுத்தேன். இரண்டு தடவை ஒரு புள்ளியை விட்டுவிட்டேன், அம்மா திரையைப் பார்க்காமலே, அரிசி புடைத்துக்கொண்டே, "அந்த மூல திறந்து கெடக்குதா பாரு" என்றார்கள். திறந்துதான் கிடந்தது. கோடு ரொம்பச் சுத்தமாக, டியூப் லைட் மாதிரி இருந்ததால் நாய்ஸ் பில்டரில் ஸ்பிரெட் கொஞ்சமாகக் கொடுத்தேன், ஓரம் சிதறி மாவு மாதிரியே வந்துவிட்டது. நான்கு ஓரத்திலும் வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ. இந்த மூன்றையும் சேர்த்துக் கட்டுகிற காப்புக் கட்டு இல்லாமல் எங்க பக்கம் பொங்கல் ஏதுங்க.

இன்னொன்று. பழைய ஃபோட்டோஷாப்பில் நண்பன் "பொங்கல்" என்று யுனிகோடில் அடித்தால் ஒற்றைக்கொம்பு ப-வுக்குப் பின்னால் போய் நின்றது. ஜிம்ப்பில் அந்தத் தொல்லை இல்லை.

* * *

சிவகங்கைச் சீமை எழுதியது:

அந்தக் கொம்புக் கதை எனக்கும் நடந்தது. அந்தப் பழைய ஃபோட்டோஷாப்பில் பிரிஃபரன்சஸில் டைப் பகுதிக்குப் போய் வேர்ல்ட்-ரெடி லேஅவுட்டைத் தேர்ந்தெடுத்து, ஃபோட்டோஷாப்பை மூடித் திறந்து, புதிதாக எழுத்து அடித்துப் பாருங்கள், சரியாகும்.

இரவுப்பணி, அந்த நுரைப் படம் ஸ்கிரீன்ஷாட் இருந்தால் போடுங்கள்.

ஃபைல் கேட்டவர்களுக்கு இன்று ராத்திரி அனுப்புகிறேன். அரக்கு கிரேடியன்ட், கரும்பு, தோரணம், வட்டங்கள் (குறைத்துவிட்டேன்) எல்லாம் தனித்தனி லேயரில் இருக்கும். கோலம் லேயரை மட்டும் எடுத்துவிட்டேன், அந்த இடத்தில் உங்கள் வாசல் கோலத்தைப் போட்டுக்கொள்ளுங்கள். அப்பத்தாவிடம் கேட்டேன், "ஏன், அவுக வீட்டுல வாசல் இல்லையாமா?" என்கிறது.